சீனியருக்கு ரெண்டு நிமிஷம்

அண்ணாச்சி, கொஞ்சம் நகந்து உக்காருங்க. பை மடியிலயே இருக்கட்டும், மேல வைக்க வேண்டாம். சாத்துக்குடி. இந்த டிரைவர் பிரேக் போடுற லட்சணத்துக்கு மேல வச்சா ஒவ்வொண்ணா யார் தலையிலயாவது விழும், அப்புறம் அதுக்கு வேற ஒரு கேஸ் நடத்தணும். மதுரைக்குத்தான் போறேன், ஆஸ்பத்திரிக்கு. எங்க சங்கத்து மூத்த வக்கீல் ஞானப்பிரகாசம் சார் ஐசியூல கிடக்காரு, ஒரு எட்டுப் பாத்துட்டு வரணும். வாரம் தவறாமப் போறேன். சொந்த மகன் துபாய்ல உக்காந்து போன்ல விசாரிக்கிறான். நான் நேர்ல போறேன். மனுஷன்னா அது வேணும்ல?

ஆமா, வக்கீல்தான். கோட்டு காட்டிக் குடுத்துருச்சு. பஸ்ஸுல கழட்ட மாட்டேன், கழட்டுனா சீட்டுக் கிடைக்காது. பேரு கோமதிநாயகம். கருவேலங்கோட்டை வக்கீல் சங்கத்துக்கு நாலாவது தடவையாச் செயலாளர். நீங்க எதுல இறங்குறீங்க, திருமங்கலமா? அப்ப நேரம் இருக்கு. உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும். கோர்ட்டுலதான் எனக்குக் கிடைக்கல, பஸ்ஸுலயாவது கிடைக்குதான்னு பாப்போம்.

தகப்பனுக்குச் சமானமான குரு கண்ணு முன்னால செத்துக் கிடக்காரு. நான் கண்ணுல தண்ணி வழிய நிக்கேன். அந்த நேரத்துல ஒரு ஜட்ஜ் என்னையப் பாத்து, 'நீங்க உங்க வாதத்தை ஆரம்பிங்க'ன்னு சொன்னா, அது மனுஷ ஜென்மமா? இருங்க, அவசரப்படாதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. அவசரப்பட்டுத்தான் நானே மாட்டிக்கிட்டேன்.

இருபத்தெட்டு வருஷமா தொழில் பாக்கேன் அண்ணாச்சி. இந்தக் கேஸ் வரைக்கும் ஒண்ணு தோத்ததில்ல. முடிஞ்சாத்தான தோக்குறதுக்கு? நான் முடிய விட மாட்டேன். வாதாட எந்தப் பயலும் வருவான், புத்தகத்தை உருப்போட்டாப் போதும். வாய்தா வாங்குறதுதான் கலை. என்னைக்கு வயித்து வலி சொல்லணும், என்னைக்குக் கட்சிக்காரனோட மாமியாரச் சாகடிக்கணும், எந்த ஜட்ஜுக்கிட்ட அழணும், எந்த ஜட்ஜுக்கிட்ட இருமணும், எல்லாத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. இருமுறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் சும்மா நிக்கணும். அது பாதிப் பேருக்குத் தெரியாது.

எல்லாம் எங்க சீனியர் வரதராஜுலு சார் போட்ட பிச்சை. அவர்ட்ட ஜூனியராச் சேந்த அன்னைக்கே சொன்னாரு, 'நாயகம், ஜெயிக்கிற கேஸ வாதாடு, தோக்குற கேஸ வளத்து விடு'ன்னு. எவ்வளவு பெரிய ஞானி பாருங்க. ஊருல என்னைய 'வாய்தா நாயகம்'னுதான் சொல்லுவாங்க. பொறாமைலதான் சொல்றாங்க, சொல்லிட்டுப் போறாங்க.

கேஸு என்னன்னா, ஒரு வீடு. ஏசுவடியான்னு ஒரு வாத்தியார், ரிட்டயர்டு. வெளியூர்ல வேலை பாத்த காலத்துல சொந்த வீட்ட என் கட்சிக்காரன் மாரிக்கனிக்கு வாடகைக்கு விட்டாரு. மாரிக்கனி கெட்டிக்காரன், முன் ரூம்புல மாவு மில்லு வச்சுட்டான். வாத்தியார் ரிட்டயர்டாகி வந்து, 'தம்பி, நாங்க குடி வரணும், காலி பண்ணிக் குடுப்பா'ன்னாரு. இவன் இந்தா அந்தான்னான். அவர் கோர்ட்டுக்கு வந்தாரு. இவன் எங்கிட்ட வந்தான். அம்புட்டுத்தான் கேஸு. நியாயமாப் பாத்தா ஒரு மழைக்குத் தாங்காது. நான் பதினோரு வருஷம் தாங்க வச்சேன். அந்தக் கேஸ் கட்டை ஒரு நாள் பிரிச்சதில்ல அண்ணாச்சி. சத்தியமா. கட்டுன நூல் கட்டுனபடி இருந்துச்சு.

மாரிக்கனிக்கு மட்டும் ஆறு தடவை மஞ்சக் காமாலை வர வச்சேன்.

வாத்தியார் மேல எனக்கு ஒரு விரோதமும் கிடையாது, அதைச் சொல்லிருறேன். எனக்கு அஞ்சாப்புல வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தவரே அவர்தான். எங்க வீட்டுல அப்பக் கஷ்டம். மத்தியானம் அவர் வீட்டுலதான் சோறு. அவர் சம்சாரம் மரியபாக்கியம் அம்மா, முருங்கைக்கீரையும் சோறும் பிசைஞ்சு உருட்டிக் குடுக்கும். இப்ப மில்லு இருக்க இடத்துலதான் உக்காந்து சாப்பிடுவேன். அதெல்லாம் மறக்கல. பாசம் வேற, தொழில் வேற. அது ரெண்டையும் கலந்தா ரெண்டும் கெட்டுப் போகும்.

அந்த அம்மாவுக்குக் கடைசில ஞாபகம் போயிருச்சு. மக வீட்டு வராண்டாவுல கட்டில் போட்டு வச்சிருந்தாங்க. விடிஞ்சா ஒரு பைல சேலைய மடிச்சு வச்சுக்கிட்டு, 'எங்க வீட்டுக்குப் போவோம், வாங்க'ன்னு வாசல்ல வந்து உக்காந்துருமாம். வேற ஒண்ணும் நினைப்பில்ல, அந்த வீடு மட்டுந்தான் நினைப்பு. 'அவ சாகுறதுக்குள்ள ஒரு ராத்திரியாவது அங்க படுக்க வைக்கணும்'னு வாத்தியார் கோர்ட்டுல மனுப் போட்டாரு. அந்த அம்மாவையும் ஆட்டோவுல கூட்டிட்டு வந்து ஜட்ஜு முன்னால நிறுத்திட்டாரு.

நானே ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். அப்ப அந்த அம்மா சுத்திமுத்திப் பாத்துட்டு, நேரா என் மூஞ்சியப் பாத்து, 'நாயகம், சாப்பிட்டியால?'ன்னு கேட்டுச்சு பாருங்க. வேற எவனா இருந்தாலும் அழுதுருப்பான். எனக்கு அந்த நேரத்துலயும் மூளை வேலை செஞ்சுச்சு. எந்திரிச்சு, 'மேடம், அம்மாவுக்கு ஞாபகம் இல்லன்னு மனுவுல சொல்லிருக்காங்க. நாப்பது வருஷத்துக்கு முந்தி அவுங்க வீட்டுல சாப்பிட்ட என்னையவே அடையாளம் தெரியுது. அப்ப மனுவுல சொன்னது பொய்தான?'ன்னேன். டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வரச் சொல்லி மூணு மாச வாய்தா. வராண்டாவுல இருந்த வக்கீல்கள்லாம் வந்து கை குடுத்தாங்க.

ஏன் அண்ணாச்சி அப்பிடிப் பாக்கீங்க? காத்து மூஞ்சில அடிக்குதா? ஜன்னலச் சாத்திருவமா?

மேடம்னு சொன்னேன்லா, அது புதுசா வந்த முன்சீப். சின்னப் பொண்ணு, எம் மக வயசு. வந்த வேகத்துல பழைய கேஸையெல்லாம் தோண்டி எடுக்க ஆரம்பிச்சுருச்சு. மூணு மாசம் கழிச்சு சர்டிபிகேட்டும் வந்துருச்சு. எங்கிட்ட, 'கோமதிநாயகம் சார், உங்க கட்சிக்காரருக்கு இத்தனை தடவை மஞ்சக் காமாலை வந்தும் மில்லு ஒரு நாள் நிக்கல போலயே'ன்னுச்சு. எல்லாரும் சிரிக்கான். திங்கக்கிழமை கடைசி வாய்தா, அன்னைக்கு வாதாடலன்னா தீர்ப்புன்னு எழுதிப் போட்டுருச்சு. உங்களுக்கே வயித்து வலி வந்தாலும் ஸ்ட்ரெச்சர்ல வந்து வாதாடுங்கன்னுச்சு. பெரியவங்களப் பேசுற பேச்சா இது?

அப்பத்தான் எனக்கு ரெஃபரன்ஸ் ஞாபகம் வந்துச்சு. உங்களுக்குத் தெரியாதுல்ல? எங்க வழக்கம் அது. சங்கத்து வக்கீல் ஒருத்தர் செத்துட்டா, சேதி வந்ததும் எல்லாரும் கோர்ட்டு ஹால்ல கூடுவோம். செயலாளர் இரங்கல் வாசிப்பாரு, ஜட்ஜ் நாலு வார்த்தை பேசுவாரு, ரெண்டு நிமிஷம் எந்திரிச்சு நிப்போம். அன்னைக்கு முழுக்க எந்த வக்கீலும் வாதாட மாட்டான். எல்லாக் கேஸும் தன்னால தள்ளிப் போயிரும். கடைசி வாய்தாவாவது ஒண்ணாவது! சாவுக்கு முன்னால எந்த ஜட்ஜும் பேச முடியாது.

எங்க வரதராஜுலு சார் அந்தச் சமயத்துல மதுரைல ஐசியூல இருந்தாரு. எண்பத்தாறு வயசு. தொண்டைல குழாய் விட்டு மிஷின்தான் மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு. தெனம் சாத்துக்குடி வாங்கிட்டுப் போயிப் பாப்பேன். டாக்டர்ட்ட கேப்பேன், 'திங்கக்கிழமை தாண்டுமா டாக்டர்?'ன்னு. அவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு என் தோளைத் தட்டி, 'நம்பிக்கையா இருங்க'ம்பாரு. நானும் நம்பிக்கையாத்தான் இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவர் மகன் பெங்களூர்லேர்ந்து வந்து, 'அப்பாவ இதுக்கு மேல கஷ்டப்படுத்த வேண்டாம் அங்கிள், காலைல ஒம்பது மணிக்குக் குழாய எடுத்துரச் சொல்லிட்டேன்'னு கையப் பிடிச்சுக்கிட்டு அழுதான். நானும் அழுதேன். அழுதுக்கிட்டே கணக்குப் போட்டேன். ஒம்பது மணிக்கு எடுத்தா ஒம்பதரைக்கு முடிஞ்சுரும். பத்தரைக்கு ரெஃபரன்ஸ். அன்னைக்கே ஃப்ளெக்ஸுக்குச் சொல்லிட்டேன். நல்ல போட்டோவாப் பாத்து எடுத்துக் குடுத்தேன். 'சட்டமேதை வரதராஜுலு மறைவு, கண்ணீர் அஞ்சலி'. கீழ என் பேரு, கொஞ்சம் பெருசா.

திங்கக்கிழமை பத்து மணி ஆச்சு, போன் வரல. சரி, அழுதுக்கிட்டு இருப்பான், எங்க போன் பண்ணப் போறான்னு நினைச்சேன். முன்னப்பின்ன ஒரு மணி நேரம், அதுல என்ன இருக்கு? சாகப் போறவருக்கும் செத்தவருக்கும் சட்டத்துல வித்தியாசம் இருக்கலாம், மரியாதைல இருக்கக் கூடாது. ரெஃபரன்ஸ ஆரம்பிச்சுட்டேன்.

என் பேச்ச நீங்க கேட்டுருக்கணும் அண்ணாச்சி. 'இந்த நாவுக்கு வாதம் சொல்லித் தந்த நாவு இன்று மௌனமாகிவிட்டது'ன்னு சொல்லும்போது நானே கர்சீப்ப எடுத்துட்டேன். அந்த முன்சீப்பும் எந்திரிச்சு ரெண்டு நிமிஷம் நின்னுச்சு. கேஸுல எழுதியும் போட்டுருச்சு, 'மூத்த வழக்கறிஞர் வரதராஜுலு மறைவையொட்டி ஒத்திவைக்கப்பட்டது'ன்னு. வாத்தியார் கடைசி பெஞ்சுல நின்னு, நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டாரு. அவர் நல்ல மனுஷன், அதைச் சொல்லணும்.

வெளிய வந்து போனைப் பாக்கேன். மௌன அஞ்சலிக்காகச் சத்தத்த அணைச்சு வச்சிருந்தேன்லா, மகன் பதினெட்டுத் தடவை கூப்பிட்டுருக்கான். குழாய எடுத்தாங்களாம். கிழவர் தானா மூச்சு விட்டாராம். விட்டதுமில்லாம, கண்ணைத் திறந்து காப்பி கேட்டாராம்.

ஆனைக்கும் அடி சறுக்கும். நான் என்ன செய்ய? முன்சீப் கூப்பிட்டு விளக்கம் கேட்டுச்சு. 'தகவல் கொஞ்சம் முந்திருச்சு மேடம்'னேன். பேனா மூடியத் திறந்து மூடிக்கிட்டே இருந்துச்சு. ஃப்ளெக்ஸ வீணாக்கல. மடிச்சு பீரோ மேல வச்சேன். தேதியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டுனாப் போதும்ல?

மாசம் திரும்புறதுக்குள்ள சார் வீட்டுக்கு வந்துட்டாரு. சாத்துக்குடியோட பாக்கப் போனேன். விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கு. 'ஃப்ளெக்ஸக் கொண்டா பாப்போம்'னாரு. கொண்டு போயிக் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தாரு. 'போட்டோ நல்லா இருக்கு. யார் யார் அழுதாங்க?'ன்னாரு. நான் மட்டுந்தான் சார்னேன். அப்புறம் என்னைய உத்துப் பாத்துட்டுக் கேட்டாரு, 'எந்தக் கேஸுக்குடா என்னையக் கொன்ன?'

குருவுக்கிட்ட ஒளிக்கலாமா? ஏசுவடியான் வாத்தியார் வீட்டுக் கேஸுன்னேன். பெருமையாத்தான் சொன்னேன், அவர் சொல்லிக் குடுத்த வித்தைதான! அவரும் சிரிச்சாரு. இருமல் வந்து மகன் ஓடி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. நானும் கூடச் சேந்து சிரிச்சேன்.

அடுத்த வாய்தா அன்னைக்குக் கோர்ட்டு வாசல்ல ஒரு கார் வந்து நின்னுச்சு. நடைவண்டியப் பிடிச்சுக்கிட்டு, கறுப்புக் கோட்டோட, எங்க சார் இறங்குறாரு. ஏதோ எனக்கு ஆசீர்வாதம் பண்ண வாராருன்னு ஓடிப் போயி கையப் பிடிச்சேன். கைய உதறிட்டு நேரா வாத்தியார் பக்கத்துல போயி உக்காந்தாரு. வக்காலத்து போட்டுட்டாரு அண்ணாச்சி! எதிர்க்கட்சிக்கு! வளத்த கடா மார்புல பாயும்பாங்க. இங்க வளத்தவரே பாஞ்சுட்டாரு.

எந்திரிச்சு, 'மேடம், நான் செத்துட்டதா இந்தக் கோர்ட்டு எழுதி வச்சிருக்கு. செத்தவன் ஒரு கேஸ் வாதாடலாமா?'ன்னாரு. முன்சீப் சிரிச்சுட்டு, 'உக்காந்தே பேசுங்க சார்'னுச்சு. அவர் உக்காரல. நின்னே பேசுனாரு. ஒவ்வொரு வாய்தாவா எடுத்து, அன்னைக்கு நான் என்ன சாக்குச் சொன்னேன், அதை அவர் எனக்கு எந்த வருஷம் சொல்லிக் குடுத்தாருன்னு பிட்டுப் பிட்டு வச்சாரு. 'பாவம், இவன் பேர்ல தப்பில்ல. எல்லாம் என் சரக்கு. நான் விதைச்சத நானே பிடுங்கிட்டுப் போறேன்'னு சொல்லிட்டு, 'என் வாதம் முடிஞ்சது'ன்னு உக்காந்தாரு. தண்ணி கேட்டாரு. குடிச்சாரு. கண்ண மூடிக்கிட்டாரு.

நான் எந்திரிச்சேன். 'சீனியர் புதுசு புதுசா நிறையச் சொல்லிட்டாரு, பதில் தயாரிக்க ஒரு வாய்தா வேணும்'னேன். முடியாதுன்னுருச்சு. என்னடா வழின்னு திரும்பி சாரைப் பாக்கேன். வாய் லேசாத் திறந்துருக்கு. தலை வாத்தியார் தோள்ல சாஞ்சு கிடக்கு. வாத்தியார் மெதுவா, 'நாயகம், உங்க சார் போயிட்டாருப்பா'ங்கிறாரு.

எனக்கு நெஞ்சே வெடிச்சுருச்சு அண்ணாச்சி. கோட்டைக் கிழிச்சுக்கிட்டு அழணும் போல இருந்துச்சு. ஆனா பொய் சொல்லக் கூடாது, அடுத்த நொடியே மனசுல ஒரு குளிர்ச்சி. எதிர்ப்பக்கம் போயி உக்காந்தாலும், கடைசி மூச்சுல சிஷ்யனக் கைவிடலையேன்னு நினைச்சேன். அதை நினைச்சு இன்னும் ஜாஸ்தியா அழுகை வந்துச்சு.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பாத்து, ஆமான்னு சொல்லிட்டாரு. நான் கண்ணத் தொடச்சுக்கிட்டு, 'மேடம், எங்க சீனியர் மறைவையொட்டி, மரபுப்படி, இன்னைக்கு எல்லா வழக்கும்...'னு ஆரம்பிச்சேன்.

முன்சீப் பழைய உத்தரவ எடுக்கச் சொல்லுச்சு. நிதானமா வாசிச்சுச்சு. 'வரதராஜுலு சார் மறைவுக்கு இந்தக் கோர்ட்டு ஏற்கெனவே இரங்கல் தெரிவிச்சிருக்கு. நீங்கதான் வாசிச்சீங்க. நானும் ரெண்டு நிமிஷம் நின்னேன். அதே கேஸை ஒத்தியும் வச்சாச்சு. ஒருத்தருக்கு ஒரு தடவைதான்.'

'மேடம், அப்ப அவர் உயிரோட இருந்தாரு'ன்னேன்.

'அதை அன்னைக்குல்ல சொல்லிருக்கணும்'னுச்சு. சாரை மரியாதையா வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டு, 'சாப்பாட்டுக்கு அப்புறம் நீங்க உங்க வாதத்தை ஆரம்பிங்க'ன்னுருச்சு. நீங்களே சொல்லுங்க, மனசாட்சி இருக்கா?

குருவோட உடம்பு கூடப் போக முடியாம, கேண்டீன்ல உக்காந்து முதல் தடவையா அந்தக் கேஸ் கட்டைப் பிரிச்சேன். செல்லரிச்சுக் கையோட வருது. என்னத்தச் சொல்ல? மாவு மில்லு இல்லன்னா ஊரு ஜனம் இட்லிக்கு எங்க போகும்னு கேட்டேன். அந்தப் பொண்ணு எழுதக்கூட இல்ல. தீர்ப்பு வாத்தியாருக்கு. என் வாழ்க்கைல முதல் தோல்வி.

இதுல கொடுமை என்னன்னா, சார் செத்துட்டாருன்னு நான் யாருக்குப் போன் பண்ணுனாலும், 'போய்யா, போன தடவையும் இப்பிடித்தான் சொன்ன'ன்னு வச்சுட்டான். சங்கத்துல இன்னொரு இரங்கல் தீர்மானம் போட முடியாதுன்னுட்டாங்க. அவ்வளவு பெரிய மனுஷனச் சுடுகாட்டுக்குத் தூக்க ஆள் பத்தல. தீர்ப்புக்குக்கூட நிக்காம சார் கூடப் போன வாத்தியார்தான் நாலாவது ஆளாத் தோள் குடுத்தாரு, அந்த வயசுல. நான் வர்றதுக்குள்ள எரிச்சு முடிச்சுட்டாங்க. ஒரு ஜட்ஜோட பிடிவாதத்தால எவ்வளவு பெரிய அவமரியாதை பாருங்க.

வீடா? வீட்ட எங்க குடுத்தோம்? மறுநாளே அப்பீல் போட்டு ஸ்டே வாங்கிட்டேன். மாரிக்கனி இப்ப மிளகாப் பொடியும் அரைக்கான். அந்த அம்மா போன ஆடியில தவறிருச்சு, மக வீட்டு வராண்டாவுலயேதான். நானும் மாலை வாங்கிட்டுப் போனேன். பக்கத்துல அந்தப் பை அப்பிடியே இருந்துச்சு, சேலைய மடிச்சு வச்சபடி. அடக்கம் பண்ணுன மறுநாள் வாய்தா. வர மாட்டாருன்னு நினைச்சேன். வாத்தியார் வந்து பெஞ்சுல உக்காந்துருந்தாரு. கட்சிக்காரன் வீட்டுச் சாவுக்கெல்லாம் கோர்ட்டுல ரெஃபரன்ஸ் கிடையாது. வக்கீலுக்கு மட்டுந்தான்.

அந்த அப்பீலுக்கு நாளைக்கு, திங்கக்கிழமை, கடைசி வாய்தா. சப் ஜட்ஜும் கறாரான ஆள். அதான் ஞானப்பிரகாசம் சாரைப் பாக்கப் போறேன். ராத்திரி தாண்டாதுன்னு நர்ஸம்மா சொல்லுச்சு. ஆனா இந்தத் தடவை அவசரப்பட மாட்டேன். நேர்ல பாத்து, கையத் தொட்டுப் பாத்து, டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டுத்தான் ஃப்ளெக்ஸு. பட்ட பின்னால புத்தி வரணும்ல.

திருமங்கலம் வந்துருச்சு போல. ஏன் அண்ணாச்சி, அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க, வண்டி நிக்கட்டும். நியாயம் சொல்லாமப் போறீங்களே? சரி, இந்தாங்க, ரெண்டு சாத்துக்குடி எடுத்துட்டுப் போங்க. சும்மா எடுங்க அண்ணாச்சி. அவர் எங்க திங்கப் போறாரு.